சென்னை வெக்கைக்கு ஜெல்லா, லோஷனா?

தோழிகளே, முகத்துக்கு எந்த மாய்ஸ்சரைசர் (ஈரப்பதம் காக்கும் பூச்சு) வாங்கலாம் என்று ஒரு யோசனை வேண்டும். எனக்கு நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும். கன்னம் மட்டும் வறண்டு இழுக்கும். சென்னை வெயிலில் பஸ் பிடித்து ஆபீஸ் போனால், அங்கே நாள் முழுக்க ஏசி. இப்போது பூசுகிற கெட்டி கிரீம் பாதி வழியிலேயே வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிகிறது.

கிளிசரின், ஹயலூரோனிக் அமிலம் கலந்த ஜெல் பிசுபிசுக்காது, சரி. ஆனால் அவை ஈரத்தை இழுத்து வைக்கும், அவ்வளவுதான். ஏசி காற்றில் அது ஆவியாகாமல் இருக்க டைமெத்திகோன் (தோல் மேல் படலமாகப் படியும் சிலிகான்) மாதிரி ஏதாவது சேர்ந்திருக்க வேண்டுமே?

காலையில் ஜெல், இரவில் செராமைடு (தோலிலேயே இருக்கும் ஒரு கொழுப்பு வகை) கலந்த லோஷன் என்று பிரித்துப் பூசுபவர்கள் யாராவது உண்டா? இல்லை, கன்னத்துக்கு மட்டும் லோஷன் போதுமா? மேலே சன்ஸ்கிரீன் போட்டால் திரிதிரியாக உருளாத ஜெல் எது? வாசனை சேர்க்காததாக, 500 ரூபாய்க்குள் இருந்தால் நல்லது.

கற்றாழையை வெட்டித் தேய்க்க மட்டும் சொல்லாதீர்கள், எனக்கு அரிக்கும்!