ஒப்பந்தக் கணக்கு வேலைக்கு எந்த ஊர் சரி? சென்னை, கோவை, பெங்களூர்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பாளையங்கோட்டையில இருந்து கேக்கேன். மாசக் கணக்கு முடிப்பு, எம்.ஐ.எஸ். (நிர்வாகத்துக்குக் கொடுக்குற கணக்கு அறிக்கை), ஆடிட்டுக்குத் தயார் பண்ணுற வேலைகளை ஒப்பந்தத்துல எடுக்க ஊர் மாறணும்.

பெங்களூர்ல வாய்ப்பு நிறைய. ஆனா ஜி.எஸ்.டி. பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. நம்ம தமிழ்நாட்டு 33-ல தொடங்குற நம்பர் அங்க ஆபீஸ் போட்டா செல்லாது; கர்நாடகாவுக்கு 29-ல புதுசா எடுக்கணும். அதுக்கு முகவரிச் சான்றா வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் கொடுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கணும். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டலன்னா பதிவு கட்டாயமில்லதான். ஆனா வெண்டரா சேர்க்கும்போதே நம்பர் கேக்குற கம்பெனி உண்டு.

உண்மையான கவலை பணச் சுழற்சி. ஏப்ரல் 30-ல 1 லட்சத்துக்குப் பில் போட்டா, 18,000 ஜி.எஸ்.டி.யை மே 20-க்குள்ள கட்டணும். 60 நாள் கிரெடிட்னா காசு ஜூன் கடைசியிலதான் வரும், அதுலயும் 10% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடிச்சிருவாங்க. இடையில வாடகை, அட்வான்ஸ் எல்லாம் கைக்காசுதான்.

அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க:

சென்னைக் கம்பெனிகள் மாசத்துல எத்தனை நாள் நேர்ல வரச் சொல்றாங்க? மாசக் கடைசி மட்டும்னா நெல்லை எக்ஸ்பிரஸ்ல போய் வந்துரலாம், வீடே மாத்த வேண்டாம். கோவையில மில், பம்ப் கம்பெனிகள் தனி ஆளுக்கு வேலை கொடுக்காங்களா, ஆடிட்டர் ஆபீஸ் வழியாத்தானா? 30 நாள்ல காசு தர்ற ஊர் எது? நாள் கூலியா, மாச ஒப்பந்தமான்னும் சேர்த்துச் சொல்லுங்க.