பொருள்: ஹொஸ்டா இலையை அடியோடு வெட்டுவதற்கு ஒரு சொல் வேண்டும்

ஸ்கார்பரோவிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். இங்கே கனடாவில் உள்ள மூத்தோர் தோட்டக் குழு ஒன்றுக்காக இரண்டு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, தலைப்பு மட்டும் நிற்கிறது.

செடி ஹொஸ்டா. ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி. நிழலில் நன்றாக வரும். எங்கள் ஆட்கள் வீட்டு முற்றத்தில் மரத்தடியில் வரிசையாக வைத்திருப்பது இதைத்தான். குளிர்காலத்தில் மேலே ஒன்றும் இருக்காது. மண்ணுக்குள் கிழங்குத்தண்டு உயிரோடு கிடக்கும், வசந்தத்தில் குருத்து சுருட்டு மாதிரி மேலே வரும்.

இலையுதிர் காலக் கடைசியில், கடும் உறைபனி ஒரு தடவை விழுந்ததும், இலைகள் மஞ்சளாகி, வேகவைத்த கீரை போலத் தரையில் படுத்துவிடும். அப்போது ஓரிரு அங்குலம் விட்டு எல்லாவற்றையும் வெட்டி அள்ள வேண்டும். விட்டுவைத்தால் அதற்குள் ஓடில்லா நத்தை இட்ட முட்டைகள் குளிரைக் கடந்துவிடும். இலையின் நரம்புகளுக்கு இடையே பழுப்புக் கோடு விழவைக்கும் நூற்புழுவும் காய்ந்த இலையிலேயே தங்கும். இங்கே இந்த வேலையைக் ‘கட் பேக்’ என்கிறார்கள். தமிழில் ஒரே சொல்லாக என்ன சொல்லலாம்?

கோயம்புத்தூரிலிருந்து

இதற்கு ஏன் தனிச்சொல்? கவாத்து. முப்பது வருடமாக விவசாயிகளிடம் பேசியவன் சொல்கிறேன், மல்லிகைக்கும் முருங்கைக்கும் திராட்சைக்கும் இந்தச் சொல்தான். ‘ஹொஸ்டா கவாத்து’ என்று போடுங்கள், எல்லோருக்கும் புரியும்.

மதுரையிலிருந்து

கவாத்து தமிழா ஐயா? கவாத்துப் பயிற்சி என்று காவலர் அணிவகுப்பைச் சொல்கிறோமே, அது உருதுவிலிருந்து வந்தது. செடி வெட்டுவதும் ஒழுங்குபடுத்துவதுதான் என்பதால் இரண்டும் ஒரே சொல் என்பது என் துணிபு. அரிதல், கொய்தல், களைதல், கழித்தல், தறித்தல், நறுக்குதல் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் மொழியில் இரவல் எதற்கு?

இன்னொன்று. ‘இலை’ என்ற சொல்லே இங்கே பொருந்துமா என்று பார்க்க வேண்டும். தொல்காப்பிய மரபியல் ‘புறக்கா ழனவே புல்லென மொழிப’ என்று (வெளியே காழ், அதாவது வைரம், உள்ளது புல்; உள்ளே உள்ளது மரம்) வகுத்துவிட்டு, புல்லினத்துக்குத் தோடு, மடல், ஓலை, ஏடு என்று உறுப்புப் பெயர்களைச் சொல்கிறது. இலை, முறி, தளிர் எல்லாம் மர வரிசையில் வருகின்றன. ஹொஸ்டா ஒருவித்திலைச் செடி, அதாவது விதையில் ஒரே ஒரு வித்திலை உள்ளது. நரம்பு இணையாக ஓடும். இன்றைய வகைப்பாட்டில் நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம், நிலச்சம்பங்கிக்கு அதைவிட நெருங்கிய உறவு. ஆகவே ‘மடல்’ என்பதே மரபு. செடிக்கு ‘நிழல்மடல்’ என்றும், செயலுக்கு ‘மடலரிவு’ என்றும் முன்மொழிகிறேன். பெயரை அப்படியே வைப்பதென்றால் ‘ஓசுடா’ என்றாவது எழுதுங்கள்.

ஸ்கார்பரோவிலிருந்து

ஐயா, மன்னிக்கவும். வாழையும் ஒருவித்திலைதானே? அதை வாழையிலை என்றுதான் சொல்கிறோம். மடல் என்றால் எங்கள் அம்மாவுக்கு வாழைப்பூ மடலும் கடிதமும்தான் நினைவுக்கு வரும். ஹொஸ்டாவுக்கு உள்ளேயும் வெளியேயும் காழ் கிடையாது, அதை எந்த வரிசையில் வைப்பது? ‘ஓசுடா’ என்று எழுதினால் நாற்றுக்கடையில் போய்க் கேட்க முடியாது.

பெயரைப் பற்றி ஒரு செய்தி. ஹோஸ்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளரின் நினைவாக 1812இல் வைத்த பெயர் அது. ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் ஃபங்க்கியா என்று இன்னொரு பெயர் வைத்தார். நிலைத்தது முதல் பெயர்தான். ஜப்பானியர்கள் கிபோஷி என்கிறார்கள். மரப்பாலக் கைப்பிடித் தூண்களின் உச்சியில் வெங்காய வடிவில் ஒரு குமிழ் இருக்கும், அதன் பெயர் அது. பூமொட்டு அதுபோல இருப்பதால் வந்தது. இளங்குருத்தை அவர்கள் உருயி என்று சமைத்தும் சாப்பிடுகிறார்கள். இப்படி ஒரு பெயர் நமக்கும் தானாக வந்தால் மகிழ்ச்சிதான், வெள்ளிக்கிழமைக்குள் வராது.

கவாத்தில் எனக்குள்ள சிக்கல் மொழி பற்றியதல்ல. கவாத்து செய்வது புதுத்தளிர் வருவதற்கு. ஹொஸ்டாவை வெட்டினால் அந்த ஆண்டு ஒன்றும் வரக்கூடாது. முந்தின ஆண்டு அம்மா செப்டம்பரிலேயே பச்சை இலைகளை வெட்டிவிட்டார். “கவாத்து பண்ணியாச்சு, சீக்கிரம் துளிர்க்கும்” என்றார். அடுத்த மே மாதம் வந்த இலைகள் உள்ளங்கை அளவுகூட இல்லை. பச்சையாக இருக்கும்வரை இலை கிழங்குத்தண்டுக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை முடித்த பிறகுதான் வெட்ட வேண்டும். சொல் அதைச் சொன்னால் நல்லது.

மிசிசாகாவிலிருந்து

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில். அங்கே ‘கவ்வாத்து’ என்போம். தேயிலைக்கு மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டு. செடி மொட்டையாக நிற்கும், பிறகு கொழுந்து பொங்கி வரும். என் அப்பா வைத்திருந்த கவ்வாத்துக் கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தச் சொல் இரவல் என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது ஐயா. நான்கு தலைமுறை கையில் பிடித்த சொல் அது. ஆனால் தங்கச்சி சொல்வது சரி. உயிர் மேலே இருக்கும் செடிக்குத்தான் கவ்வாத்து. இதற்குச் சரிவராது.

மார்க்கம் நகரிலிருந்து

துண்டறிக்கையில் ‘பனி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்குப் பனி என்றால் ஸ்னோ. அது விழும்வரை காத்திருந்தால் இலை மண்ணோடு ஒட்டிவிடும். மார்கழி, தை முன்பனிக்காலம் என்று படித்தோம்; இங்கே அந்த நேரத்தில் மண்வெட்டியே இறங்காது. ‘புல் மேல் வெள்ளையாக உறையும் பனி’ என்று விரித்து எழுதுவது நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து

பிள்ளைகள், பனையை மறந்துபோனீர்களோ? காய்ந்த ஓலைக்குக் காவோலை என்று பெயர். ‘காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்’ என்று பழமொழியும் உண்டு. பழுத்ததையும் காய்ந்ததையும் எடுப்பதற்கு எங்கள் சொல் கழித்தல். ஓலை கழிக்கிறது, மட்டை கழிக்கிறது. பச்சையாக உள்ளதை ‘வெட்டுறது’ என்போம், முடிந்ததைக் ‘கழிக்கிறது’ என்போம். நீங்கள் தேடுகிற காலக்குறிப்பு அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. ‘இலைகழித்தல்’ என்று போடுங்கள்.

மதுரையிலிருந்து

கழி நல்ல வேர்தான். கழிதல், கழிவு என்று விரியும்; ‘கடந்துபோதல்’ அடிப்பொருள். ஆனால் இன்று படிப்பவனுக்குக் ‘கழித்தல்’ என்றால் கணக்கும், இன்னும் மோசமாகக் கழிப்பறையும்தான். துண்டறிக்கைத் தலைப்பில் அது வேண்டுமா?

மடலை விட்டுக்கொடுக்கிறேன். ‘பழுப்பு’ என்பதற்கு நிறம் மட்டுமல்ல, முதிர்ந்து மஞ்சளான இலை என்றே பொருள் உண்டு. அரிதல் கதிருக்கும் கீரைக்கும் உள்ள வினை. அரிந்தபின் நிற்கும் அடிக்கட்டை அரிகால். நீங்கள் சொல்லும் ஓரிரு அங்குலம் அதுதான். எனவே ‘பழுப்பரிதல்’. எப்போது, எதை, எப்படி என்ற மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

ஈரோட்டிலிருந்து

நான் பெரும்பாலும் படிப்பவன் மட்டுமே. மஞ்சள் போடுகிறோம். இலை பழுத்துச் சாய்ந்த பிறகு தரையோடு அறுத்துவிட்டுச் சில நாள் விட்டுக் கிழங்கை வெட்டி எடுப்போம். ஹொஸ்டாவுக்கு மிக நெருக்கமான வேலை நம் ஊரில் இதுதான் என்று தோன்றுகிறது, எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது ஒன்றே வித்தியாசம். நாங்கள் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ‘இலை அறுத்தாச்சா’ என்று கேட்போம், அவ்வளவுதான்.

அப்புறம், ‘மண்மட்டத்தில் குருத்து கிளம்பும் இடம்’ என்று நீட்டி எழுதப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். அதற்குத் தூர் என்ற சொல் இருக்கிறது.

ஸ்கார்பரோவிலிருந்து

தூருக்கு மிக்க நன்றி அண்ணா, நான்கு இடத்தில் மாற்றிவிட்டேன்.

எண்ணிப் பார்த்ததில் ‘இலைகழித்தல்’ ஐந்து பேர், ‘பழுப்பரிதல்’ இரண்டு பேர், கவாத்துக்கு ஒருவர். நேற்று இரவு அம்மாவிடமும் அவர் தோழிகள் இருவரிடமும் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். பழுப்பரிதலை மூவரும் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். ‘இலை கழிக்கிறது’ என்றதும் அம்மா, “ஓ, காய்ந்தபிறகு செய்யிறதா?” என்று கேட்டார். எனக்கு அது போதும்.

தலைப்பு: ‘ஹொஸ்டா: பழுத்த இலை கழித்தல்’. கீழே முதல் வரி: ‘இலை பச்சையாக இருக்கும்வரை கத்தியை எடுக்காதீர்கள். புல் மேல் பனி வெள்ளையாக உறைந்து, இலை மஞ்சளாகிப் படுத்த பிறகு, தூருக்கு மேல் ஓரிரு அங்குலம் விட்டுக் கழியுங்கள். பழுப்புக் கோடு விழுந்த இலையை உரக்குழியில் போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.’

மதுரையிலிருந்து

‘பழுத்த’ வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் அது பெயரெச்சத் தொடர், கலைச்சொல் ஆகாது. நாளை இதே வேலையைப் பியோனிக்கும் லில்லிக்கும் எழுதும்போது ஒவ்வொரு தடவையும் மூன்று சொல் எழுதுவீர்களா? பழுப்பரிதலை நான் கைவிடவில்லை. நம் குழுவின் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகவாவது சேர்க்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து

சேர்க்கும்போது கவாத்தையும் சேருங்கள், ‘இதற்குப் பொருந்தாது’ என்ற குறிப்போடு. தேடுகிறவர்கள் அந்தச் சொல்லில்தான் தேடுவார்கள்.