ரிசல்ட் நாள் போன் கால்... உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

அடையாறுக்காரி:
பிளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன்ல உட்கார்ந்தவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். போனை வைக்க வைக்க அடுத்தது அடிக்கும். அதுல ஒரு பையன். எடுத்ததும் பேச்சே இல்ல. பின்னாடி டிவியில நியூஸ், யாரோ குக்கர் கழுவுற சத்தம். "நான் லைன்லதான் இருக்கேன்பா, மெதுவா பேசு"ன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு, "கெமிஸ்ட்ரி போச்சுக்கா. அப்பாகிட்ட பாஸ்னு சொல்லிட்டேன். ஸ்வீட் வாங்கப் போயிருக்காரு"ன்னான். சாகணும்போல இருக்கான்னு கேட்டேன். "தெரியலக்கா"ன்னான். மேல பேசிட்டிருக்கும்போதே பைக் வந்து நிக்குற சத்தம். கட். நாம திருப்பிக் கூப்பிடுறதில்ல, தெரியுமே. வருஷங்கள் ஆச்சு. இன்னும் ஸ்வீட் டப்பாவைப் பார்த்தா அவர் எந்தக் கடையில வாங்கினாரோன்னு ஓடும்.

வைகைக்கரை:
நான் போன்ல இல்ல. மதுரைப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துல ஞாயிற்றுக்கிழமை பசங்களோட கேரம், கொஞ்சம் இங்கிலீஷ். பதினெட்டு முடியப் போற ஒருத்தன் காலேஜ் அப்ளிகேஷனை எடுத்துட்டு வந்தான். எல்லாத்தையும் அழகா எழுதியிருக்கான், 'நிரந்தர முகவரி' மட்டும் காலி. பேனாவை மூடி மூடித் திறக்கிறான். "அண்ணே, ஜூலைக்கு அப்புறம் நான் எங்க இருப்பேன்?" பதினெட்டு முடிஞ்சு இல்லத்தை விட்டுப் போனாலும் இருபத்தொரு வயசு வரைக்கும் உதவி, அதாவது பின்காப்பு, கேட்கலாம்னு 2015 சிறார் நீதிச் சட்டத்துலயே இருக்கு. அதை அவன்கிட்ட அங்க ஒருத்தரும் சொல்லல.

ரிடையர்டு வாத்தியார்:
அடையாறு மேடம், தப்பா நினைக்காதீங்க. சும்மா லைன்ல இருந்து என்ன பிரயோஜனம்? துணைத் தேர்வு இருக்கு, அதே வருஷம் காலேஜ் சேரலாம்னு எடுத்த எடுப்புல சொல்லியிருக்கணும். என்கிட்டயும் ஒரு பொண்ணு அழுதுச்சு, சொன்னேன், எழுதி பாஸ் ஆச்சு. இல்லங்களுக்கு வாலண்டியரா புதுசா வர்றவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். சொந்த போன் நம்பர் கொடுக்காதீங்க. கைச்செலவுக்குக் காசு கொடுத்துப் பழக்காதீங்க, அடுத்த வாரம் நீங்க வரலேன்னா அது காசுக்கான ஏக்கமா உங்களுக்கான ஏக்கமான்னு அந்தப் பிள்ளைக்கே தெரியாது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணவே பண்ணாதீங்க. பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியே ஆகணும், 2012 போக்சோ சட்டம் அப்படி. என்ன செய்யறதுன்னு புரியலேன்னா குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடிங்க. வர்றேன்னு சொன்ன நாள்ல கட்டாயம் போங்க. வராம போறவங்களை அந்தப் பசங்க ஏற்கெனவே நிறையப் பார்த்தாச்சு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறவங்க தயவுசெஞ்சு வீட்லயே இருங்க.

அடையாறுக்காரி:
சார், துணைத் தேர்வு அவனுக்குத் தெரியாதா? டிவியில அதுதான் ஓடிட்டிருந்துச்சு. அவனோட பிரச்சினை ஜூன் மாசப் பரீட்சை இல்ல, அடுத்த பத்து நிமிஷம். அப்பா டப்பாவோட உள்ள வருவாரு, என்ன சொல்றது? 1953-ல லண்டன்ல சாட் வாரான்னு ஒரு பாதிரியார் சமாரிட்டன்ஸ்ங்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பை ஆரம்பிச்சப்போ, அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவங்களுக்கு வாலண்டியருங்க டீ கொடுத்துப் பேசிட்டிருந்தாங்க. அதுவே போதும்னு பல பேர் அவரைப் பார்க்காமலே கிளம்பிட்டாங்க. 1986-ல டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில தொடங்கின ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையமும் இந்த வழிதான். நீங்க வாத்தியார், பதில் சொல்லியே பழக்கம். போட்டோ விஷயம் மட்டும் நூத்துக்கு நூறு சரி.

ரிடையர்டு வாத்தியார்:
பத்து நிமிஷத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லலாமே மேடம். "அம்மாகிட்ட முதல்ல சொல்லு"ன்னு.

அடையாறுக்காரி:
அம்மா இருக்காங்களான்னு நமக்கு எப்படி சார் தெரியும்?

பல்லாவரம் பாலா:
சண்டை அப்புறம். வைகைக்கரை அண்ணே, அந்த 'நிரந்தர முகவரி' கட்டத்துல கடைசியா என்னதான் எழுதினீங்க?

வைகைக்கரை:
இல்லத்தோட அட்ரஸ்தான். அட்மிஷன் லெட்டர் வந்து ஆபீஸ் மேஜையிலயே கிடந்திருக்கு, அதுக்குள்ள அவன் திருப்பூர் போயிட்டான். தகவல் போய்ச் சேர்ந்து, ஃபீஸ் கட்டுற கடைசி நாள்ல பஸ் புடிச்சு வந்தான். இப்ப பி.காம் ரெண்டாம் வருஷம். பின்காப்புக்கு மனு போட்டாச்சு, பதில் வரல. மனு எழுதத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.