பழைய கான்டெசா ஏ.சி.: கேஸ் மட்டும் மாற்றினால் போதுமா?

வடசேரி கான்டெசா
அப்பா ஓட்டிய 1992 கான்டெசா, இசுசு 1.8 எஞ்சின். மே மாசம் ஒரு கடையில ஏ.சி.க்கு, பழைய ஆர்-12 கேஸுக்குப் பதிலா வந்த 134ஏ கேஸ் ஏத்தினாங்க. கம்ப்ரஸர் ஆயிலும் மாத்தல, ஈரத்தை உறிஞ்சுற டிரையரும் மாத்தல. ஆடி முடியுமுன்னே குளிர்ச்சி போயிடுச்சு, இப்போ ஏ.சி. கிளட்ச் பிடிச்சதும் கம்ப்ரஸர் கரகரங்குது. எல்லாத்தையும் மாத்தி 134ஏ போடுன்னு சிலர் சொல்றாங்க, ஹைட்ரோகார்பன் போடுன்னு சிலர். எது சரி?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
ஹைட்ரோகார்பன்தான் தம்பி. உங்க வண்டி ஆர்-12க்கு செஞ்சதாக்கும், உள்ள இருக்கது மினரல் ஆயில். புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலந்த கேஸ் அந்த ஆயிலோட சேரும், பிரஷரும் கிட்டத்தட்ட ஆர்-12 அளவுதான். ஹோஸ் மாத்த வேண்டாம், முன்னால சூட்டை வெளியேத்துற கண்டென்சரும் மாத்த வேண்டாம். கான்டெசா 2002லயே நின்னுபோன வண்டி, பார்ட்ஸ் தேடி எங்க அலைய?

குளச்சல் 118என்இ
அண்ணாச்சி, ஆயில் விஷயத்துல நீங்க சொன்னது சரி. ஆனா கூலிங் காயில் எங்க இருக்கு? டேஷ்போர்டுக்குள்ள. அது கசிஞ்சா, தீப்பிடிக்கிற கேஸ் நேரா ஆளுக இருக்க இடத்துக்கு வரும். கண்ணாடியை ஏத்திட்டுப் பிள்ளைகளோட போற வண்டி அது. முன்னால இடிச்சா முதல்ல உடையறதும் கண்டென்சர்தான்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
வீட்டு ஃபிரிட்ஜுல ஆர்-600ஏ இல்லியா? அதுவும் ஐசோபியூட்டேன்தான். பெட்ரோல் டேங்கோடதானே எல்லாரும் ஓட்டுறோம்?

குளச்சல் 118என்இ
ஃபிரிட்ஜுல இருக்கது சில பத்து கிராம். குழாயெல்லாம் வெல்டு வச்சு அடைச்சது, அசையாத பெட்டி. காருல சில நூறு கிராம் வேணும். ரப்பர் ஹோஸ் எஞ்சினோட ஆடிக்கிட்டே இருக்கும், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் தேயும். பெட்ரோல் டேங்க் ஆளுக உட்காருற இடத்துக்கு வெளியே இருக்கு. கூலிங் காயில் அப்படி இல்ல.

தக்கலை அம்பாசடர்
ரெண்டும் வேண்டாம். ஆர்-12 சிலிண்டர் கிடைக்குதான்னு விசாரிங்க. ஒரிஜினல் கூலிங் வேற எதுலயும் வராது.

குளச்சல் 118என்இ
கூலிங் நல்லா வரும், மறுக்கல சார். ஆனா ஓசோன் படலத்தை அரிக்குதுன்னு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி நிறுத்தின சரக்கு அது. இந்தியாவுல 2008லயே உற்பத்தியை நிறுத்தியாச்சு. இப்போ அந்தப் பேருல விக்கிற சிலிண்டருக்குள்ள என்ன இருக்குன்னு யார் பொறுப்பேற்கப் போறா?

வடசேரி தம்பி, எந்த கேஸ்னு தீர்மானிக்கிறது அப்புறம். கேஸ் எங்க வழியா போச்சுன்னு முதல்ல பாருங்க. நம்ம ஊர் உப்புக்காத்துல கண்டென்சர் ஃபின் வெள்ளையா பூத்து, விரலால தொட்டாலே பொடியும். கசியிற இடத்துல ஆயில் சேர்ந்து வெளியே வரும், அதுல தூசி ஒட்டிக் கறுப்பா பிசுபிசுக்கும். பைப் ஜாயின்ட், கண்டென்சரோட கீழ் மூலை, கிளட்சுக்குப் பின்பக்கம் இந்த மூணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்புறம் நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை வைக்கச் சொல்லுங்க. டயருக்கு அடிக்கிற காத்தை ஏத்த விடாதீங்க, ஈரமும் கூடவே உள்ள போகும்.

கம்ப்ரஸர் சத்தத்துக்குக் காரணம் எனக்குத் தெரிஞ்சவரை இதுதான்: மினரல் ஆயில் 134ஏ-ல கரையாது. போன ஆயில் அங்கங்க தேங்கி நிக்கும், கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. காஞ்சு ஓடினா தேயும். அதனால பழைய ஆயிலை வடிச்சு, லைனை ஃபிளஷ் பண்ணி, 134ஏ-ல கரையுற எஸ்டர் ஆயில் ஊத்தணும். மிச்சம் மீதி மினரல் ஆயில் இருந்தாலும் அது தாங்கும். டிரையர் கண்டிப்பா புதுசு. ஓ-ரிங் 134ஏக்கு ஏத்த பச்சை நிறம். பழைய ரப்பர் ஹோஸ் வழியா 134ஏ மெல்ல ஊறி வெளியேறும், அதனால உள்ள கேஸ் ஊறாத அடுக்கு இருக்க பேரியர் ஹோஸ் வேணும். உள்ள இருக்க காத்தும் ஈரமும் போக முக்கால் மணி நேரமாவது வாக்குவம் போடணும். கேஸ் பழைய ஆர்-12 அளவுல 80–85 சதவீதம் போதும்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
இவ்வளவும் செஞ்சாலும் செட்டிகுளம் சிக்னல்ல நின்னா கூலிங் குறையும். பழைய கண்டென்சர் 134ஏ-வோட சூட்டைச் சரியா வெளியேத்தாது, பிரஷர் ஏறும், பாத்துக்கிடுங்க.

குளச்சல் 118என்இ
அதுக்குத்தான் சூட்டை இன்னும் நல்லா வெளியேத்துற பேரலல் ஃப்ளோ கண்டென்சர். கான்டெசாவுக்குன்னு தேட வேண்டாம், கிரில்லுக்குப் பின்னால அளவெடுத்து, பொருந்துற வேற கார் கண்டென்சரைக் கிளாம்ப் வச்சு மாட்டலாம். முன்னால ஒரு எலக்ட்ரிக் ஃபேன். என் பிரீமியர் 118என்இ காருல இப்படித்தான் ஓடுது, நின்னாலும் குளிருது.

வடசேரி கான்டெசா
டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கண்டென்சர் கீழ் மூலையில கறுப்புப் பிசுக்கு இருக்கு, கிளட்ச் பின்னாலயும் கொஞ்சம்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
அப்படின்னா ஷாஃப்ட் சீலும் போச்சு. ஓடாம நிறுத்தி வச்ச வண்டியில சீல் காயும். வாரம் ஒருக்க பத்து நிமிஷம் ஏ.சி. போட்டிருக்கணும். கம்ப்ரஸரைக் கழட்டி ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில வடிச்சுப் பாருங்க. வெள்ளித்தூள் மின்னினா ஹைட்ரோகார்பன் போட்டும் பிரயோஜனம் இல்ல, கம்ப்ரஸரே மாத்தணும். தூள் இல்லேன்னா சீல் கிட் மாத்தலாம். கேஸ் விஷயத்துல என் பேச்சு மாறல, செலவு பாதியாகும். ஆனா லீக்கை அடைக்காம நானும் எந்த கேஸும் ஏத்த மாட்டேன்.

வடசேரி கான்டெசா
ஞாயிறு கழட்டுறேன். வண்டியில அம்மாவும் பிள்ளைகளும் வருவாங்க, அதனால 134ஏதான் அண்ணாச்சி. கண்டென்சர் அளவு எடுத்து இங்கேயே போடுறேன்.