பழைய திருச்சி வானொலி நாள் ஒன்றை மீட்க உதவுங்கள்

நண்பர்களே, எங்கள் ஊர் நூலகத்தில் 1970களின் சனிக்கிழமை ஒன்றை, அன்று திருச்சி வானொலியில் ஒலித்த வரிசையிலேயே காலை முதல் இரவு வரை கேட்கவைக்க ஆசைப்படுகிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

1939 மே 16 அன்று தொடங்கிய நிலையம் அது. தொடக்கத்துக்கு வால்டர் காஃப்மன் அமைத்த அடையாள இசை இருக்கிறது. அப்புறம் மங்கல இசை, ஏழே கால் மணிக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. இரவில் இசையின் தேசிய நிகழ்ச்சி. 1952இல் தொடங்கிய அந்தச் சனிக்கிழமைக் கச்சேரியால்தான் எத்தனையோ சிற்றூர்க்காரர்கள் டிக்கெட் வாங்காமலே பெரிய வித்வான்களைக் கேட்டார்கள். இந்துஸ்தானி இசையும் அப்படித்தான் நம் வீட்டுக்கு வந்தது.

திணறுவது நடுப்பகுதியில்தான். உரைகள், பேட்டிகள், விவசாயிகளுக்கான நிகழ்ச்சி எல்லாம் எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் வந்தன? பாட்டையாவது பலர் பதிந்து வைத்தார்கள், பேச்சை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அந்த உரைகள்தான் எனக்கு முக்கியம்.

ஆல் இந்தியா ரேடியோ வெளியிட்ட ‘வானொலி’ இதழின் பழைய பிரதி உங்கள் வீட்டில் இருந்தால் நிகழ்ச்சி நிரல் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். ஆண்டும் தேதியும் தெரிய வேண்டும். வானொலியில் பேசியவர்களின் குடும்பத்தார் யாராவது இங்கே இருந்தால், கையெழுத்துப் பிரதி கிடைத்தாலும் போதும், நாங்களே வாசித்துப் பதிவு செய்துகொள்கிறோம். கேசட் இருந்தால் தபாலில் அனுப்ப வேண்டாம், நேரில் வந்து நகலெடுக்கிறோம்.