பொட்டோசி மலைக்குள் போய் வந்த கதை

பொலிவியாவில் பொட்டோசி போய் இறங்கிய அன்றே பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் விறுவிறுவென ஏறினேன். ஊரே 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, உடம்பு கேட்குமா? மூச்சு இரைத்து, தலை சுற்றி, யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்தால் தெருக்கோடியில் செர்ரோ ரிக்கோ. செம்மண்ணை அம்பாரமாகக் குவித்தது போல ஒரு மலை. 1545-ல் அதில் வெள்ளி கிடைத்ததால் உண்டான ஊர் இது. 1570-களிலிருந்து ஸ்பானியர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்களை முறை வைத்துக் கட்டாயமாக உள்ளே இறக்கினார்கள். ‘மித்தா’ என்று பெயர்.

மறுநாள் சுரங்கத்துக்குள் போனேன். இதைச் சுற்றுலா என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போகிற வழியில் தொழிலாளர் சந்தையில், களைப்புத் தெரியாமலிருக்க வாயில் அடக்கிக்கொள்ளும் கோக்கா இலையும் சிகரெட்டும் 96 சதவீதச் சாராயமும் வாங்கச் சொன்னார் வழிகாட்டி. உள்ளே வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கத்தான். பக்கத்திலேயே டைனமைட்டும் விற்கிறார்கள்!

குனிந்தே நடக்க வேண்டிய பொந்து. தொண்டையெல்லாம் தூசி. ஒரு வளைவில் ‘எல் தியோ’ உட்கார்ந்திருந்தார், தொழிலாளர்கள் கும்பிடும் சுரங்கத்துச் சாமியின் சிலை. தலையில் கொம்பு, வாயில் சிகரெட், மடியில் கோக்கா இலை. தியோ என்றால் மாமா. தாது அவருடையது, மாதாவெல்லாம் வாசலோடு சரி. வழிகாட்டி, அவரும் பழைய சுரங்கத் தொழிலாளிதான், தரையில் சில சொட்டுச் சாராயம் விட்டுத் தானும் ஒரு வாய் குடித்தார். நானும் குடித்தேன். நெஞ்சு எரிந்தது.

அப்புறம் தள்ளுவண்டியோடு ஒரு பையன் வந்தான். எவ்வளவு நேரமாக வேலை என்று கேட்டேன். உப்பியிருந்த கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். வாயில் அடக்கிய கோக்காவின் சாரம் இறங்கினால்தான் இடைவேளை, அதுதான் கடிகாரம் என்றார் வழிகாட்டி. கொண்டு போன இலை முழுவதையும் அவனிடமே கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் பழைய நாணயச்சாலைக்குப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். கோவேறு கழுதைகள் சுற்றிய மரச் சக்கரங்கள் அப்படியே நிற்கின்றன. ஆனால் நான் வெகுநேரம் நின்றது ஓர் ஓவியத்தின் முன்னால். அதில் மாதாவின் அங்கியே மலை. மேலே முகம், பக்கத்துக்கு ஒரு கை. 2011-ல் உச்சியில் நிலம் உள்வாங்கிப் பள்ளம் விழுந்தது என்று காலையில் வழிகாட்டி சொல்லியிருந்தார். ஓவியத்தில் அந்த இடத்தில்தான் முகம் இருக்கிறது.