கையெழுத்துச் சாயல் எழுத்துருக்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மதுரை, பத்திரிகை வடிவமைப்பாளர்:

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று நாள் முழுக்க எழுத்துருக்களோடுதான் என் பிழைப்பு. அண்மைக் காலமாக வருகிறவர்களில் பலர் "கையால் எழுதியதுபோல் இருக்க வேண்டும்" என்று கேட்கிறார்கள். எனக்கும் அது பிடித்திருக்கிறது. வீட்டுக்காரரே வாசலில் நின்று கூப்பிடுவதுபோன்ற நெருக்கம் அந்த எழுத்தில் உண்டு.

நான் பெரும்பாலும் எடுப்பது கவிவாணர். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. மணமக்கள் பெயரைப் பெரிதாக அதில் வைத்துவிட்டால் பக்கத்தில் வேறு அலங்காரமே தேவைப்படாது.

தை மாத முகூர்த்தத்துக்கு வந்த ஒரு குடும்பத்தார் பத்திரிகை முழுவதையும் அதிலேயே போடச் சொன்னார்கள். புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். பெண்ணின் பாட்டி பெயர்களைக் கடகடவென்று வாசித்தார். மண்டபத்தின் முகவரி வந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்தார், பிறகு கிட்டத்தில் கொண்டுவந்தார். சின்ன அளவில் 'ன'வையும் 'ண'வையும் பிரிக்கும் அந்த ஒரு சுழி அடைந்துபோகிறது. 'எ'யை 'ஏ' ஆக்கும் கீழ்க்கோடு சாய்வோடு கலந்து மறைகிறது. நேரம், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் நேரான எழுத்துக்கு மாற்றினோம். பாட்டி ஒப்புதல் கொடுத்த பிறகே அச்சுக்குப் போனது. அதிலிருந்து, பிழையில்லாமல் வாசிக்கப்பட வேண்டிய எதையும் இந்த வகை எழுத்தில் வைப்பதில்லை என்று முடிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பாரிஸ், கடைப் பலகை செய்பவர்:

அண்ணா, நீங்கள் சொன்ன நெருக்கத்தை இங்கே தெருவெல்லாம் பார்க்கலாம். பூக்கடை, முடிதிருத்தகம், சிறிய உணவகம் என்று பழைய பலகைகளில் அடிக்கடி கண்ணில் படுவது மிஸ்திரால் என்ற எழுத்துரு. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரொஜே எக்ஸ்கோஃபோன் தம் சொந்தக் கையெழுத்தை வைத்து உருவாக்க, மார்செய் நகரத்து ஒலிவ் அச்செழுத்து வார்ப்பகம் 1953இல் வெளியிட்டது. தென் பிரான்சில் வீசும் குளிர்காற்றின் பெயர் அது.

அந்தக் காலத்தில் எழுத்து என்றால் தனித்தனி உலோகக் கட்டை. அவற்றை அடுக்கினால் ஒரே இழுப்பில் எழுதிய சொல்லாகத் தெரிய வேண்டும். ஓர் எழுத்தின் வால் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும்படி அவர் அமைத்திருக்கிறார். கிட்டத்தில் பார்த்தால் கோட்டின் ஓரங்கள் தூரிகை உரசியதுபோல் சொரசொரப்பாக இருக்கும். நான் வியந்து பார்க்கும் வேலை அது. அதனால்தான் முழுச் சொல்லையும் கேப்பிட்டல் எழுத்தில் கேட்பவர்களுக்கு நான் இணங்குவதில்லை. தொடுப்பு அறுந்துவிட்டால் அந்த எழுத்துக்கு உயிர் இல்லை.

லா ஷாப்பெல் பகுதியில் நம்மவர் கடை ஒன்றுக்குப் பலகை செய்தபோது பிரெஞ்சுப் பெயரை மிஸ்திராலில் வைத்தோம். கீழே தமிழ்ப் பெயரைக் கணினியில் இருந்த நேரான எழுத்தில் வைத்தபோது ஒட்டவேயில்லை. நம் எழுத்தைத் தொடுத்து எழுதும் பழக்கமும் நமக்கு இல்லை. கடைசியில் கடைக்காரரின் மாமாவே தூரிகையால் காகிதத்தில் எழுதித் தந்தார். அதை வருடி எடுத்துப் பலகையில் ஏற்றினோம். எழுத்துகள் தொட்டுக்கொள்ளவில்லை. கொம்பின் வீச்சும் 'ரி'யின் மேல்வளைவும் அடுத்த எழுத்தை நோக்கிச் சாய்ந்ததே போதுமாக இருந்தது.

யாழ்ப்பாணம், ஆசிரியை:

என் கையெழுத்தையே எழுத்துருவாக்கினேன், பிள்ளைகளின் பயிற்சித்தாளுக்காக. 247 எழுத்தையும் எழுத வேண்டியதில்லை. அரவுக்கு, அதாவது 'கா'வில் வரும் காலுக்கு ஒன்று, கொம்புகளுக்குத் தனித்தனி வடிவம் எழுதினால் எல்லா மெய்க்கும் பயன்படும். உகர, ஊகார வரிசைகள்தான் உழைப்பு வாங்கின. கு, சு, டு, பூ, மூ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். பதினெட்டு மெய்க்கும் சேர்த்து 36. 'டி', 'டீ' இரண்டையும் தனியாக எழுத நேர்ந்தது, அங்கே விசிறி, அதாவது இகர ஈகாரக் குறி, மெய்யோடு ஒட்டிவிடுகிறது.

எழுதி முடித்து 'அம்மம்மா' என்று தட்டிப் பார்த்தேன். நான்கு 'ம'வும் அச்சுப் பிசகாமல் ஒரே வடிவம். எந்தக் கையும் அப்படி எழுதாது, கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. கையெழுத்து எழுத்துருவில் நீளமான பத்தி செயற்கையாகத் தோன்றுவதற்கு இதுவே முதல் காரணம் என்பேன். ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு முறையில் ஓர் எழுத்துக்குப் பல வடிவங்கள் வைத்து, பக்கத்து எழுத்தைப் பொறுத்து மாறி வரச் செய்யலாம். 'ம'வுக்கு மூன்று வடிவம் எழுதி அப்படி இணைத்தேன். ஒன்றில் வளைவு அகலம், ஒன்றில் கடைசிக் கோடு சற்றுத் தாழ்வு. மெய்யெழுத்தின் புள்ளியையும் ஒருமுறை வட்டமாக, ஒருமுறை பேனா இழுத்த சிறு கீற்றாக வைத்தேன். 'அம்மம்மா' இப்போது என் கொப்பியில் எழுதியதுபோலவே வருகிறது. இனி 'க', 'த', 'ன' பாக்கி. முடிந்ததும் கேட்பவர்களுக்குக் கோப்பை அனுப்புகிறேன்.